ரயிலில் சொன்ன முடிவு

பார்கவி மேடையில் பேசிக்கொண்டிருந்தாள். மூன்றாம் பெஞ்சில் அமர்ந்திருந்த உஷா, அவள் இடறி விழப்போகும் இடத்துக்காகக் காத்திருந்தாள்.

பி.ஏ. ஆங்கில வகுப்பில் அன்று செமினார். ஒரே தெருவில் வளரும் இரு சிறுமிகளில் ஒருத்தி, மற்றவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போகிற ஒரு பழைய ஆங்கில நாவல்தான் பாடம். அதன் முக்கியக் கருப்பொருள்கள் என்பது தலைப்பு.

அந்த நாவலில் ஒரு பக்கத்தைக்கூடப் பார்கவி புரட்டியதில்லை என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று உஷா நம்பினாள்.

இருவரும் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்குத் தினமும் ரயிலில் வருகிறவர்கள். வண்டி புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஏறிவிடும் உஷா, பக்கத்து இருக்கையில் கைக்குட்டையைப் போட்டு வைப்பாள். வழியில் ஏறும் பார்கவி அதில் வந்து அமர்வாள். ஓடும் வண்டியில் எழுத்தைப் பார்த்தால் பார்கவிக்குக் குமட்டும். ஆகவே, தான் வீட்டில் வாசித்ததை உஷா வழிநெடுகத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள்.

கான்வென்ட்டில் படித்த பார்கவியின் நாக்கில் அந்தத் தமிழ் வழுக்கிக்கொண்டு ஓடும் ஆங்கிலமாகிவிடும். அரசுப் பள்ளியில் படித்த உஷாவுக்கோ, புரிந்த ஆங்கிலமும் தொண்டைக்கு வருவதற்குள் வற்றிவிடும்.

சட்டி உஷாவினுடையது. அகப்பை பார்கவியினுடையது. ஊர் அகப்பையைத்தான் மெச்சியது.

செமினாருக்கு ஆள் தேடியபோது, பாடம் நடத்தும் ஜெயலக்ஷ்மி மேடம் உஷாவின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அன்று காலை வண்டி கிருஷ்ணராஜபுரம் தாண்டிப் பெங்களூரை நெருங்கியதும், "கடைசியில இன்னாடி ஆச்சு? அவ திரும்பி வந்தாளா இல்லியா?" என்று பார்கவி கேட்டாள்.

"வந்தா. அதுக்குள்ள இவ ஜுரத்துல செத்துட்டா."

உண்மையில் அந்த நாவலில் எவரும் சாகவில்லை. ஊர் திரும்பியவள் தோழியின் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. அத்துடன் கதை முடிகிறது. அந்தக் கதவைப் பற்றி உஷா மூச்சுவிடவில்லை.

"அய்யோ பாவம்டி" என்ற பார்கவி, மேடையில் கையில் இருக்கட்டும் என்று உஷாவிடமிருந்து அந்த நாவலின் நூலகப் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். முதல் வகுப்பில் அவளைக் காணவில்லை. எங்கேனும் ஒத்திகை பார்க்கிறாள் போலும் என்று உஷா எண்ணிக்கொண்டாள்.

இப்போது பார்கவி நட்பைப் பற்றிச் சொன்னாள். துரோகத்தைப் பற்றிச் சொன்னாள். வளர்வது என்றால் எதையோ இழப்பது என்றாள். எல்லாம் உஷா சொன்னவை. மேடம் தலையசைத்த ஒவ்வொரு முறையையும் உஷா எண்ணிக்கொண்டிருந்தாள்.

இதோ, கடைசி அத்தியாயம்.

பார்கவி நிறுத்தினாள். பிறகு தமிழில் சொன்னாள்.

"மேடம், கதை பூரா எனக்கு உஷா சொன்னதுதான். முடிவ அவளே தமிழ்ல சொல்லட்டும். நான் இங்கிலீஷ்ல சொல்லிடுறேன்."

வகுப்பே திரும்பி உஷாவைப் பார்த்தது. இத்தனை நாள் அவள் ஏங்கியது இதற்குத்தான்.

உஷா எழுந்தாள். உண்மையைச் சொன்னால் பார்கவிக்குத் தெரிந்துவிடும். பொய்யைச் சொன்னால் மேடத்துக்குத் தெரிந்துவிடும். பெருந்தன்மையிலும் இவளே முந்திக்கொண்டாளே என்கிற எரிச்சல், அந்த அச்சத்தையும் மீறி மேலே வந்தது.

மேடையேறினாள். வண்டியில் கூட்டம் ஏறும்போது செய்வதைப் போலப் பார்கவி சற்றே நகர்ந்து இடம் விட்டாள்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்து மூடியபடி பார்கவி அவள் காதருகே குனிந்தாள்.

"கதவத் தட்டுறா இல்ல," என்றாள் மெதுவாக, "அதுலருந்து சொல்லுடி."