தறிக்குழியில் நாற்பத்திரண்டு

தெருமுனையில் மூடிக் கிடந்த பெட்ரோல் பங்கின் தொட்டி மண்ணுக்கடியில் ஒழுகியிருக்கிறது. எண்ணெய் அங்கேயே தங்கிவிட்டது. அதன் ஆவி மட்டும் மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து, ஏலவார்குழலி வீட்டுத் தறிக்குழிக்குள் வந்து எழும்பியது.

"புதுச் சாயத்து வாடைடி" என்று சொல்லிவிட்டு, குழிக்குள் காலைவிட்டு நெய்துகொண்டிருந்த அவள் கணவர் சிவபாலன் பாதிச் சேலையின்மேல் சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. குழிக்காற்றில் பெட்ரோல் ஆவியை அளக்க வந்த எண்ணெய்க் கம்பெனி ஆள் பிரேம்நாத்தின் கருவி நாற்பத்திரண்டு காட்டியது; நல்ல காற்றில் சைபர்தான் காட்டும்.

குழியைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, மகள் துர்காதேவியோடு மாகறலில் இருக்கும் தாய்வீட்டுக்கு வந்தாள் ஏலவார்குழலி. புதுக்குழி வெட்டித் தறியும் பூட்டியாயிற்று. அளந்து பார்க்காமல் மகளை இறக்கமாட்டேன் என்று பிரேம்நாத்தை மறுபடி வரவழைத்தாள்.

கருவியின் குழாயைக் குழிக்குள் விட்டான். சைபர்.

"அது இம்மாந்தூரம் எப்படிம்மா வரும்? பஸ் ஏறியா வரும்?" என்று சிரித்தான்.

துர்காதேவி உட்கார்ந்து மிதிப்பலகையில் கால் வைத்தாள். நாற்பத்திரண்டு.

"காலை எடும்மா."

எடுத்தாள். சைபர். திரும்ப வைத்தாள். நாற்பத்திரண்டு.

"மெஷின் ரிப்பேர் போல இருக்குதுமா."

"அப்போ நீ காலை வச்சிப் பாருபா" என்றாள் ஏலவார்குழலி.

வைத்தான். சைபர்.

அவன் குழாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

துர்காதேவி இப்போது தறிப்பக்கம் போவதில்லை. சாப்பிடும்போதுகூடக் கட்டில்மேல் ஏறி, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு, தரையில் படாமல்தான் உட்காருகிறாள்.