ஐந்தாவது வெப்சைட்

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க மாதம்மா. இந்த வெப்சைட்டை நம்பலாமா, கூடாதா?"

மாதம்மா எழுந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். கிரணைப் பார்த்தாள். தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"தெரியலைங்க சார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மைசூர் ஹெப்பாளில் ஒரு சமுதாயக் கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. ஃபேக்டரியிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் வேலை செய்கிற பதினான்கு பெண்கள். எந்த வெப்சைட்டை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று ஐ.டி. கம்பெனி கிரண் தன் லீவு நாளில் வந்து சொல்லிக்கொடுக்கிறான்.

யார் நடத்துகிறார்கள்? முகவரி உண்மையா? படங்கள் அவர்களுடையதுதானா? வேறு யாராவது இதையே சொல்கிறார்களா? மூன்று மாதமாக இந்த நாலு கேள்விகள்தான்.

போன வாரம் ஐந்து வெப்சைட்டுகளைக் கொடுத்து, வீட்டில் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருந்தான். ஐந்தாவது, ஜெர்மனி ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கிற வெப்சைட்.

"இதுலதான் என் மனைவி ரூபாவுக்கு வேலை கிடைச்சிருக்கு" என்று அப்போதே பெருமையாகச் சொல்லியும் இருந்தான்.

இன்று பதிமூன்று பேரும் "நம்பலாம் சார்!" என்றார்கள். மாதம்மாதான் இப்படி.

"மூணு மாசமா தொண்டை வத்தக் கத்தறேன். எல்லாருக்கும் புரியுது, உங்களுக்கு மட்டும் ஏன் ஏற மாட்டேங்குது?"

"ஸாரிங்க சார்."

"இந்த பேட்ச்ல உங்களுக்கு சர்டிஃபிகேட் கிடையாது. அடுத்த பேட்ச்ல மறுபடி முதல்லேருந்து உட்காருங்க."

"சரிங்க சார்."

வகுப்பு முடிந்து எல்லாரும் போனபிறகு, கிரணின் பைக் பக்கத்தில் மாதம்மா நின்றிருந்தாள்.

"சார், ஒரு நிமிஷங்க. உங்க வீட்டு மேடம் இப்ப பார்க்கற வேலையை விட்டுட்டாங்களா?"

"நாளைக்குத்தான் லெட்டர் குடுக்கறா. பாஸ்போர்ட், சர்டிஃபிகேட் எல்லாம் ஒரிஜினலாவே நாளைக்கு கூரியர் பண்ணணும். ஏன்?"

"அனுப்ப வேண்டாங்க சார்."

போனை நீட்டினாள். ஒரு கட்டடத்தின் போட்டோ. கீழே சலூன். மேலே தையல் கடை. அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி.

"அந்த வெப்சைட்ல மைசூர் ஆபீஸ்னு போட்டிருக்கிற அட்ரஸுங்க. நேத்து ஷிப்ட் முடிஞ்சு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். நாலாவது மாடின்னு போட்டிருக்கு. அங்க நாலு மாடியே இல்லைங்க. சலூன்காரர்கிட்ட விசாரிச்சேன். 'அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லம்மா, உன்னை மாதிரியே நாலஞ்சு பேர் வந்து கேட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னாரு."

கிளம்ப எடுத்த பைக்குக்கு கிரண் மறுபடி ஸ்டாண்ட் போட்டான்.

"ஆஸ்பத்திரி படத்தையும் நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி தேடிப் பார்த்தேனுங்க. அது ஆஸ்பத்திரியே இல்ல. வேற ஏதோ நாட்டுல இருக்கிற ஹோட்டல்."

கிரண் தன் போனை எடுத்தான். ரூபாவுக்கு வேலை தருவதாகச் சொன்ன ஜெர்மனி ஆஸ்பத்திரியின் சொந்த வெப்சைட்டுக்குப் போனான். முதல் பக்கத்திலேயே எச்சரிக்கை இருந்தது. எங்கள் பெயரைச் சொல்லி இந்தியாவில் நர்ஸுகளை ஏமாற்றுகிறார்கள், ஒரிஜினல் ஆவணங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

வழவழவென்று படங்கள், சுத்தமான இங்கிலீஷ். அதைப் பார்த்தே அவன் நம்பிவிட்டிருந்தான். உடனே ரூபாவுக்கு போன் செய்தான்.

"ரூபா, நாளைக்கு லெட்டர் குடுக்காதே. எதையும் அனுப்பாதே. இதோ வந்து சொல்றேன்."

போனை வைத்துவிட்டு மாதம்மாவை நிமிர்ந்து பார்க்கச் சங்கடப்பட்டான்.

"எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா உள்ள தெரியலைன்னு சொன்னீங்க? அத்தனை பேர் முன்னாடி திட்டினேனே!"

"அத்தனை பேர் இருந்ததாலதானுங்க சொல்லலை."

"புரியலை."

"அவங்க எல்லாம் உங்களை நம்பித்தானுங்க போன்லயே கையை வெக்கறாங்க. சாரே ஏமாந்துட்டாருன்னு தெரிஞ்சா பாதிப் பேரு அடுத்த வாரம் வர மாட்டாங்க. எனக்கென்னங்க, இன்னொரு தடவை முதல்லேருந்து படிச்சுட்டுப் போறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிரண் ரூபாவையும் வகுப்புக்கு அழைத்து வந்தான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

"நாலு கேள்வியையும் உங்களுக்குச் சொல்லிக்குடுத்துட்டு, நான் அதுல ஒண்ணைக்கூடக் கேட்கலை. கேட்டது மாதம்மா மட்டும்தான். அவங்க தெரியலைன்னு சொன்னது எனக்காக."

ரூபா போய் மாதம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கூடம் முழுக்கக் கைதட்டியது. மாதம்மா வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றாள்.

முன் வரிசையில் பசம்மா மட்டும் கைதட்டவில்லை. நோட்டைப் பிரித்தபடி எழுந்தாள்.

"சார், போன வாரம் மத்த நாலு வெப்சைட்டுக்கும் நீங்க சொன்னதைத்தானே விடைன்னு எழுதிக்கிட்டோம்?"

"ஆமா."

"அதை அடிச்சுடறோம் சார். நாங்களே பார்த்துட்டு வந்து சொல்றோம்."

பதினான்கு பேனாக்களும் தான் சொன்ன விடைகளைக் குறுக்கே கோடு போட்டு அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்ற கிரணுக்கு, வாத்தியாராக நிற்பதில் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பெருமையாக இருந்தது.