பவளத்தின் கோபம்

"மாப்பிள்ளை, பவளம் இன்னிக்காவது வாயைத் திறந்தாளா?" என்று மாமியார் போனில் கேட்டாள்.

"எங்க அத்தை! எட்டு நாளா உம்முனு சுருண்டு கிடக்கா. சாப்பாட்டைக் கிட்ட நீட்டினாலும் தொடலை."

"பழசையே கழுவிக் கழுவி ஓட்டினா கோபம் வராதா? உயிர் போனா வருமா?"

"இன்னிக்குப் புதுசு வாங்கி மாட்டிட்டேன், அத்தை."

"ஏங்க, இங்க பாருங்க!" என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் அவன் மனைவி.

கடல்நீர் நிரப்பிய கண்ணாடித் தொட்டிக்குள் புது மோட்டார் அலை எழுப்பிக்கொண்டிருந்தது. கல்லோடு கல்லாகக் கிடந்த உயிருள்ள கடல் பவளம், நீல வெளிச்சத்தில் நூறு குட்டி வாய்களை ஒவ்வொன்றாகத் திறந்தது.

"கடலே வீட்டுக்குள்ள வந்துடுச்சுங்க..."

"ஹலோ! திறந்தாளா இல்லையா?" என்று மாமியார் கத்தினாள்.

பதில் சொல்ல வேண்டிய இரண்டு பேரும்தான் இப்போது வாயைத் திறக்கவில்லை.