இரண்டு நிமிடப் பக்கம்

ஐம்பது வயதில் எழுத்துக் கற்ற லோடுமேன் பாவாடைராயன், நூலகத்தின் புதிய இணையதளத்துக்கு முன்னால் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். உறுப்பினர் படிவத்தை இரண்டு நிமிடத்துக்குள் நிரப்பாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும்.

"பக்கத்தைத்தான் சோதிக்கிறோம், உங்கள இல்லண்ணே. எங்கயாவது சிக்குனா சொல்லுங்க. அப்பதான் நேரத்தைக் கூட்டச் சொல்லி சார்கிட்ட கேக்க முடியும்" என்றாள், அதை வடிவமைத்த ஜெசிந்தா.

பாவாடைராயன் நம்பவில்லை. தோற்றால், கையிலிருக்கும் பழைய உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். பாதி படித்த புத்தகமும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் ஐந்து நாளாகக் குடோனில், முன்கூட்டியே தந்திருந்த மாதிரிப் படிவத்தைப் பார்த்து, அரிசிச் சாக்கின்மேல் கரியால் விசைப்பலகை வரைந்து, எதற்குப் பின் எதைத் தட்டுவது என்று விரல்களைப் பழக்கியிருந்தார். ஒரு வரியும் வாசிக்காமல் தட்டி முடித்தார்.

"ஒண்ணும் சிரமமில்ல தாயீ."

பக்கத்து நாற்காலியில் இருந்த நூலக அதிகாரி கைதட்டினார். "இவரே முடிச்சுட்டாரு பாருங்க! ரெண்டு நிமிஷம் தாராளம். இப்படியே வெளியிட்டுடுங்க." எழுந்து போய்விட்டார். குறைகளைக் குறிக்க வைத்திருந்த, எழுதாத தாளை ஜெசிந்தா மடித்தாள்.

பாவாடைராயனோடு சேர்ந்து எழுத்துப் படித்த அவர் மனைவி அஞ்சலாட்சி, காலியான படிவத்தின்முன் ஆசையாக உட்கார்ந்தாள். உதடசைய எழுத்துக்கூட்டினாள். தன் பெயரைப் பாதி அடிப்பதற்குள் திரை வெளுத்தது. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் வெளுத்தது.

"சிக்குச்சும்மா! எனக்கும் சிக்குச்சு!" பாவாடைராயன் அதிகாரியின் காலி நாற்காலியைப் பார்த்துக் கத்தினார்.