எந்தக் கப்?

சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெள்ளைப் பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஜிட்டல் தராசில் கொட்டினாள் பிரிசில்லா. வெளியே புருஷன் க்ளென் கதவைத் தட்டினான்.

"உள்ள இன்னாதான் பண்ற?"

"ஒண்ணுமில்ல, நீ போ!"

மைதாதான். முந்தாநாள் போட்ட கேக் செங்கல்லாக வந்து, அதைப் பொம்மனஹள்ளி ஏரியா முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டான் க்ளென். இரண்டாவதையும் அவன் கண்ணில் காட்ட அவளுக்குத் தைரியமில்லை.

கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ். நாளைக் காலை மாமனாரும் மாமியாரும் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருகிறார்கள். மாமியார் மேரியின் கேக்குக்கு அங்கே அப்படியொரு பேர். கேக் போடுகிற அன்றைக்குப் பெற்ற பிள்ளைகளைக்கூட அடுப்பங்கரைப் பக்கம் விடமாட்டாராம். அந்தக் கேக்கை மருமகள் கெடுத்தாள் என்று பேச்சு வந்தால் ஆயுசுக்கும் அழியாது.

மேரி சொன்ன கணக்கு ரொம்பச் சுலபம். ரெண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூணு முட்டை. மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் மில்லிகிராம் பார்த்தே பழகிய பிரிசில்லாவுக்குக் கப் கணக்கு ஒத்தே வரவில்லை. ஒரே கப்பில் அள்ளினால் நூற்றைம்பது கிராம், கொட்டினால் நூற்றிருபது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள்.

"அத்தை, மாவ அமுக்கி அள்ளுவீங்களா, லேசா கொட்டுவீங்களா?"

மறுமுனையில் போனைக் கையால் பொத்துகிற சத்தம். தூரத்தில் மாமனாரின் இருமல் மட்டும் கேட்டது. தொழில் ரகசியம், லேசில் சொல்லிவிடுவாரா என்று பிரிசில்லா காத்திருந்தாள்.

"லேசா கொட்டி, மேல வழிச்சு உடணும்."

"கப்பு எவ்ளோ பெருசு?"

மறுபடியும் அதே இருமல். "மாமா டீ குடிக்கிற கப்புதான்."

"அதுல தண்ணி ரொப்பி, கடையில எடை போட்டுச் சொல்றீங்களா? கப்போட எடைய மட்டும் கழிச்சுடுங்க."

"இன்னாம்மா இது, தங்கமா நிறுக்கறே?" என்று சிரித்தாலும், அரை மணியில் மேரியே கூப்பிட்டார். தண்ணீர் நூற்றெண்பது கிராம்.

பிரிசில்லாவுக்கு விஷயம் பிடிபட்டது. அவள் எடுத்தது இருநூற்று நாற்பது மில்லி கப். கப் பெரிதானால் மாவு ஏறும், முட்டை மட்டும் அதே மூன்றுதானே! கேக் செங்கல்லாகாமல் என்ன செய்யும்? கப்புக்குத் தொண்ணூறு கிராம் மைதா என்று குறைத்து, சர்க்கரையையும் அதே கணக்கில் நிறுத்துப் போட்டாள்.

மறுநாள் வந்ததும் வராததுமாக மேரி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். பிரிசில்லா அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்டியே என் கேக்குதான்!"

க்ளென் மூன்றாவது துண்டுக்குக் கை நீட்டினான். பிரிசில்லாவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

டீ போட உள்ளே போனாள். மாமனார் பால்ராஜ், தண்ணீர் குடிக்கிற சாக்கில் பின்னாலேயே வந்தார். ஹாலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அடுத்த வாட்டி சந்தேகம் வந்தா நேரா எனக்கே போன் போடும்மா."