மாப்பிள்ளை இலை

"மாப்பிள்ளை இலைக்கு மட்டும் நானே பரிமாறிக்கறனுங்க அம்மணி. வேற யாரும் அந்தப் பக்கம் வர வேண்டாம்."

சமையல்காரர் சபரிநாதன் இதைச் சொன்ன விதம் மஞ்சுளாவுக்குப் பிடிக்கவில்லை. குரலில் பணிவு இருந்தது. கண்ணில் இல்லை.

"ஏனுங்கண்ணா, உங்க ஆளுங்க பரிமாற மாட்டாங்களா?"

"அவரு மொகத்தைப் பாத்துப் போடோணும்னு ஒரு ஆசைங்க."

வெள்ளிக்கிழமை மகள் சௌந்தர்யாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் சேலத்து மண்டபத்தில் வந்து இறங்கியதும் கொடுக்கும் விருந்துக்குத்தான் இந்தப் பேச்சு. மஞ்சுளாவின் கணவர் அன்பரசு பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்ததால், எடப்பாடி வீட்டில் அவள்தான் பட்டியலோடு உட்கார்ந்திருந்தாள்.

மண்டபத்தில் சொல்லி அனுப்பிய ஆள் இந்தச் சபரிநாதன். ராசிபுரம் பக்கம் அவர் கைப்பக்குவத்துக்கு நல்ல பேர். வந்தவுடன் சிரித்துக்கொண்டேதான் பேசினார்.

மஞ்சுளா கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்த பிறகுதான் ஆள் மாறிப்போனார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை குமரகுருவின் பெயர் இருந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"போர் போடற ரிக் வண்டித் தொழிலுங்களா?"

"ஆமாங்க. அஞ்சாறு வருசமா வடக்கயேதான் இருந்தாரு. கல்யாணத்தைப் பத்தி நெனைக்கக்கூட நேரமில்லாம ஒழைச்சவருன்னு தரகர் சொன்னாருங்க."

சபரிநாதன் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பட்டியலை இழுத்தார். இட்லி, ஆப்பம், பன்னீர் குருமா என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர், காளான் பிரியாணியைப் பார்த்ததும் பேனாவால் அழுத்தி அடித்தார்.

"இது வேண்டாமுங்க. மாப்பிள்ளைக்குக் காளான் ஆகாது. ஒரு வாய் உள்ள போனாப் போதும், தொண்டை வீங்கி மூச்சு அடைச்சுக்கும்."

மஞ்சுளா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்கே தெரியாத விஷயம்.

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"எங்கியோ கேட்ட ஞாபகமுங்க." அவர் பட்டியலைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அந்த நேரம் சௌந்தர்யா மோர் கொண்டுவந்து நீட்டினாள். டம்ளரை வாங்கியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை அவள் கழுத்தில் போய் நின்றது.

"நீதான் பொண்ணா சாமி? என்ன வயசாச்சு?"

"இருவத்திநாலுங்க."

"இருவத்திநாலு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குடிக்காமலே டம்ளரைக் கீழே வைத்தார்.

மஞ்சுளா எழுந்தாள். "ஒரு நிமிசம் இருங்க," என்று செல்போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குமரகுருவை அழைத்தபோது கரண்ட் போய், பின்கட்டில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒரேயடியாக நின்றன.

"மாப்பிள்ளை, உங்களுக்குக் காளான் ஆகாதுங்களா?"

"ஆமாங்க அத்தை. யாரு சொன்னா?"

"விருந்துக்குச் சமைக்க வந்தவரு. ராசிபுரத்துச் சபரிநாதன்னு..."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனைப் பார்த்தாள்.

"அத்தை, நான் சொல்றதை நல்லாக் கேளுங்க." அவன் குரல் தாழ்ந்திருந்தது. "அந்தாளு எங்களுக்கு ஆகாதவரு. என்னைத் தீத்துக்கட்டோணும்னு சுத்திட்டு இருக்கறாரு. சாப்பாட்டுல எதையாச்சும் கலந்துருவாரு. ஒரு வார்த்தை பேச உடாதீங்க, மொதல்ல வெளிய அனுப்புங்க!"

மஞ்சுளா இணைப்பைத் துண்டிக்கக்கூடத் தோன்றாமல் கூடத்துக்கு ஓடினாள்.

சபரிநாதன் எழுந்து நின்றிருந்தார். எதிரே இரண்டடி தூரத்தில் சௌந்தர்யா. அவர் தாழ்ந்த குரலில் அவளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள போ!" மகளின் தோளைப் பிடித்து இழுத்து அறைக்குள் தள்ளினாள் மஞ்சுளா. கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "நீங்க கெளம்புங்க. எங்களுக்கு உங்க சமையல் வேண்டாம்."

"மாப்பிள்ளைகிட்டப் பேசினீங்களா?"

"பேசினேன். எல்லாம் சொல்லிட்டாரு. போறீங்களா, ஆளைக் கூப்பிடட்டுங்களா?"

அவர் கோபப்படவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

"போறனுங்க. ஆனா இந்த விருந்து நடக்க வேண்டாம். கல்யாணமும் நடக்க வேண்டாம். நடந்தா உங்க பொண்ணு உங்களுக்கு இல்லீங்க."

"என் ஊட்டுலயே நின்னு என்னை மெரட்டறீங்களா?" மஞ்சுளா அலறினாள். "யாருய்யா நீ? எங்க மாப்பிள்ளை மேல உனக்கு என்ன பகை?"

கையிலிருந்த போனில் குமரகுரு கத்துவது கூடம் முழுக்கக் கேட்டது. "அத்தை! அவரைப் பேச உடாதீங்க அத்தை! அத்தை!"

சபரிநாதன் அந்தக் குரலை அசையாமல் நின்று கேட்டார். பிறகு மஞ்சுளாவைப் பார்த்துச் சொன்னார்:

"இவருக்குக் கட்டிக் குடுத்த எம்பொண்ணு ஒம்பது மாசந்தானுங்க உசுரோட இருந்தா."