துஷ்டி வீட்டில் மின்னல் பானு

அலிமா வாயைத் திறக்காமல் முத்துச்செல்வியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

துஷ்டி வீட்டில் அது ஒரு வசதி. துக்கம் கேட்க வந்தவர்கள் பேச வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அழுதால் போதும்.

ஆனால் அவள் தென்காசியிலிருந்து இலத்தூருக்குப் பஸ் ஏறி வந்ததே பேசத்தான்.

அலிமாவின் முகம் யாருக்கும் தெரியாது. அவள் குரல் தெரியாத பிள்ளை இந்தப் பக்கத்தில் கிடையாது. குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் 'மின்னல் பானு' கார்ட்டூனில், பகலெல்லாம் டீச்சராக இருந்துவிட்டு, ஆபத்து என்றால் கறுப்புப் பர்தா சிறகாக விரியப் பறந்து வருவாளே பானு, அவளுக்கு நான்கு வருடமாக அலிமாதான் குரல். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அவளுடைய உம்மாவுக்கு ஒரே பெருமை.

பெற்ற தாய் தொண்டை கிழியக் கத்தினாலும் கை கழுவாத பிள்ளைகள், பானு சொன்னால் இரண்டு தரம் கழுவின. பாவிப் பிள்ளைகளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

முத்துச்செல்வியின் மூத்த மகள் செண்பகவல்லிக்கு ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக் கூட்டத்தில் அம்மாவின் கையிலிருந்து நழுவிப்போனாள். சற்று நேரத்தில் காட்டாற்று வெள்ளம் இறங்கி, தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. போலீஸ்காரர்கள் விசில் அடித்ததும் எல்லாரும் ஓடினார்கள். மேட்டில் ஏறி நின்ற யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அதில் அந்தப் பிள்ளை மட்டும் கம்பியோரத்தில் வலது கையை உயர்த்தியபடி அசையாமல் நிற்கிறது.

உதவி கேட்டுத்தான் கையைத் தூக்கியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அலிமாவுக்குத் தெரியும். பதினான்காம் பாகம், 'கூட்டத்தில் தொலைந்துபோனால்'. கையைத் தூக்கச் சொன்னது அவள்தான். திருவிழாவுக்கும் சந்தைக்கும் சரியான பாடம். எழுதியவர்களும் அருவியை நினைக்கவில்லை, குற்றாலச் சாரலில் நனைந்தே வளர்ந்த அவளும் நினைக்கவில்லை.

"எல்லாரும் ஓடுனாங்களே, எம்புள்ள மட்டும் ஏன் ஓடாம நின்னா?" என்று முத்துச்செல்வி அவள் தோளில் சாய்ந்து கதறினாள்.

சொல்லாமல் எழுந்து போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படி ஓர் ஆசை வந்ததற்காக அலிமாவுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"யக்கா, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அந்தக் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

மூன்று நாளாகச் சோறு தொடாமல் மூலையில் சுருண்டு கிடந்த நான்கு வயதுச் சின்னவள் துள்ளி எழுந்தாள். வாசலுக்கு ஓடினாள். குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து அலிமாவின் விரலைப் பிடித்து இழுத்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பானு டீச்சர், ஏன் இம்புட்டு நேரம்? நீங்க வருத வரைக்கும் அசையக்கூடாதுன்னு சொன்னீங்கல்லா, அக்கா அங்கனயேதான் நிக்கா."

முத்துச்செல்வியின் அழுகை நின்றது. அவள் அலிமாவின் தோளிலிருந்து மெதுவாகத் தலையை எடுத்தாள்.